சத்தம் எப்போது எழுகிறது? ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பின் கோளாறைக் கண்டறியும் முறை

பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரும் உரிமையாளர்களில் பெரும்பாலோர் சத்தத்தை வாயால் ஒலித்துக் காட்டுவதில்தான் முனைப்பாக இருப்பார்கள். ஒருவர் ஊளை என்பார். அதே சத்தத்தை இன்னொருவர் உறுமல் என்பார். சத்தம் வரும் இடத்தைச் சுட்டிக்காட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. பிக்கப்பின் நீண்ட இரும்புச் சேஸிஸ் சத்தத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்திவிடுவதால், பின் அச்சில் பிறக்கும் ஊளை ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் கேட்கும். முன் வீல் பேரிங்கின் முனகல் பின்னாலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஆகவே சத்தத்தின் குரலையும் இடத்தையும் நம்புவதைவிட, அது எந்த நிலையில் எழுகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்வதே கோளாறைக் கண்டறியும் நேரான வழி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, வளைவில் திரும்பும்போதா, எந்த வேகத்தில், எந்த கியரில், 2எச் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்) நிலையிலா 4எச் (நான்கு சக்கரங்களும் இழுக்கும்) நிலையிலா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே சந்தேகத்துக்குரிய உறுப்புகள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

இங்கே சொல்லப்படுவது டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்ற அமைப்புள்ள பிக்கப்புகளுக்குப் பொருந்தும். பின்னால் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் ஒரே இரும்புக் கூடான அச்சு, முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பு, நடுவில் தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களையும் இழுவையில் சேர்க்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவை இவற்றின் பொது வடிவம். எஞ்சினின் விசை கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்து, அங்கிருந்து நீண்ட சுழல்தண்டான பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மூலம், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பின் டிஃபரன்ஷியலுக்குப் போகிறது. 4எச் அல்லது 4எல் (நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டால் இன்னொரு ஷாஃப்ட் முன் டிஃபரன்ஷியலையும் சுழற்றும், அங்கிருந்து, கோணம் மாறினாலும் சீராகச் சுழலும் இணைப்புகளான சி.வி. ஜாயிண்டுகள் உள்ள இரு அச்சுத் தண்டுகள் முன் சக்கரங்களைத் திருப்பும்.

முதலில் விலக்க வேண்டியவை

கழற்றத் தொடங்கும் முன், விசை கடத்தும் உறுப்புகளோடு தொடர்பில்லாத சத்தங்களை ஒதுக்கிவிட வேண்டும். சைலன்சர் குழாயின் வெப்பத் தகடு தளர்ந்து அதிர்வது, பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கிக் கீச்சிடுவது, அடியில் தொங்கும் ஸ்டெப்னி ஆடுவது, பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட் தளர்வது, ஸ்பிரிங் புஷ் தேய்வது ஆகிய ஐந்தும் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் வீணாகக் கழற்ற வைத்த கதைகள் ஏராளம். யு-போல்ட்டைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் வண்டி புறப்படும்போது அச்சு சற்றே முறுக்கி நகர்ந்து ‘டொக்’ என்று இடிக்கும்; அந்த இடி டிஃபரன்ஷியலின் இடியைப் போலவே இருக்கும்.

அடுத்தது டயர். முரட்டுக் கட்டைகள் கொண்ட மண்சாலை டயர்களும், சீரற்றுத் தேய்ந்த சாதாரண டயர்களும் எழுப்பும் இரைச்சலை வீல் பேரிங்கின் இரைச்சலிலிருந்து பிரித்தறிவது பழகிய காதுக்கும் கடினம். ஒரு முறை நானே பின்பக்க வீல் பேரிங்குகள் இரண்டையும் மாற்றிவிட்டு, சத்தம் குறையாததால் டயர்களை முன்பின்னாக மாற்றிப் பார்த்தேன். சத்தம் டயரோடு சேர்ந்து முன்னால் வந்துவிட்டது. டயர்ச் சத்தம் சாலையின் பரப்பு மாறும்போது மாறும். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் குரல் வேறாகி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுபோலவே இருந்தால், குற்றவாளி டயர்தான். சந்தேகம் தீராவிட்டால் டயர்களை இடம் மாற்றிப் பார்ப்பதே செலவில்லாத சோதனை.

பிறகு எண்ணெய். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்கள் என நான்கு இடங்களில் தனித்தனி எண்ணெய் இருக்கிறது என்பதையும், நான்கிலும் ஒரே எண்ணெய் இருக்க வேண்டியதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் கியர் எண்ணெய்த் தர வகைகளில் ஜிஎல்-5 வேண்டும். கையால் மாற்றும் கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு ஜிஎல்-4 தான் குறிக்கப்பட்டிருக்கும். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் ஊற்றுவது கூடாது. எண்ணெயைச் சோதிக்கும்போது ஊற்றும் துளையின் திருகை முதலில் கழற்றி, அது கழலுகிறது என்று உறுதிசெய்த பிறகே கீழ்த் திருகில் கை வைக்க வேண்டும். கீழே எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, மேல் திருகு துருப்பிடித்து அசையாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

வடித்த எண்ணெய் நிறையச் சொல்லும். காந்தத் திருகின் நுனியில் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரல்களுக்கிடையே தேய்த்தால் உறுத்தும் துகள், மின்னும் செதில், உடைந்த பல்லின் துண்டு ஆகியவற்றில் ஏதேனும் கண்ணில் பட்டால் மேற்கொண்டு ஓட்டிப் பார்க்கும் சோதனையே தேவையில்லை, அந்தக் கூட்டைத் திறந்துவிடலாம். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் திடீரென்று குளிரும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, ஆயில் சீலின் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அச்சின் மேலுள்ள காற்றுப்போக்கியான பிரீதர் அடைபட்டிருந்தால் இது நிச்சயம் நடக்கும். ஆகவே எண்ணெயை மாற்றும்போது பிரீதரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

சாலைச் சோதனை

வாகன நெரிசல் இல்லாத சமதளச் சாலையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஒருவரைக் குறிப்பெடுக்க அமர்த்திக்கொண்டு ஓட்ட வேண்டும். சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தைப் பிடித்து, அதே வேகத்தில் கியரை மட்டும் ஒன்று கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். கியரை மாற்றும்போது சத்தத்தின் சுருதி எஞ்சின் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றில் இருக்கிறது. கியர் எதுவானாலும் வண்டியின் வேகத்தை ஒட்டியே சத்தம் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பகுதி முதல் டயர் வரை உள்ளவற்றில்தான் தேட வேண்டும். அதன் பிறகு ஒரு முறை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானே உருளவிட்டு, சத்தம் தொடர்கிறதா என்று கேட்டால் முடிவு உறுதிப்படும். இதைச் சமதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். மலை இறக்கத்தில் நியூட்ரல் போடுவது உயிருக்கு ஆபத்து.

இந்த இடத்தில் சிறு கணக்கு ஒன்று மிகவும் உதவும். 265/65 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.44 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய 7 முறை சுழலும். டிஃபரன்ஷியலில் பெரிய பல்சக்கரமான கிரவுன் சக்கரத்துக்கு 41 பற்களும், அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனுக்கு 10 பற்களும் இருந்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 28 முறை சுழலும். பினியனின் பற்கள் கிரவுனோடு சந்திப்பது வினாடிக்கு சுமார் 280 முறை. ஆகவே எண்ணிவிடக்கூடிய மெதுவான ‘தட தட’ என்ற ஆட்டம் டயர், ரிம், பிரேக் டிரம் ஆகியவற்றைச் சேர்ந்தது. எண்ண முடியாத வேகத்தில் தரையும் இருக்கையும் ரீங்கரிப்பது ஷாஃப்ட்டைச் சேர்ந்தது. ஒரு சுருதியைப் பிடித்துப் பாடுவதுபோன்ற ஊளை கியர்ப் பற்களைச் சேர்ந்தது. கைப்பேசியில் கிடைக்கும் ஒலி அலைவெண் காட்டும் செயலியை வைத்து இந்த எண்ணைச் சரிபார்க்கலாம். உங்கள் வண்டியின் பல் விகிதம் கையேட்டில் இருக்கும்.

வீல் பேரிங் என்று தோன்றினால், பாதுகாப்பான அகலமான இடத்தில் மிதமான வேகத்தில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமுமாக வளைக்க வேண்டும். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், இரட்டை வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங்கில் உள்வரிசை மட்டும் கெட்டிருந்தால் இந்தச் சோதனை தலைகீழாக விடை தரும்.

டிஃபரன்ஷியலின் ஊளை

கிரவுன் சக்கரமும் பினியனும் பல்லின் ஒரு முகத்தால் வண்டியை முன்னே தள்ளுகின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுவதால் பாரம் பல்லின் மறுமுகத்துக்கு மாறுகிறது. எனவே மிதிக்கும்போது மட்டும் ஊளை, விடும்போது மட்டும் ஊளை, இரண்டிலும் ஊளை என்ற மூன்று நிலைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்முகத் தேய்மானமோ பினியன் பேரிங்கோ காரணமாகலாம். காலை எடுத்ததும் ஊளை பெரிதாகக் கிளம்பினால், பினியன் தளர்ந்து முன்பின்னாக நகர்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், சுருதியில்லாத கரகரப்பாக இருந்தால் கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிஃபரன்ஷியல் கூண்டைத் தாங்கும் பக்க பேரிங்குகளைப் பார்க்க வேண்டும். சமவெளியில் ஓடும் வண்டிகளில் காலை எடுத்த நிலை சில வினாடிகள்தான் நீடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போதோ கியர்களின் மறுமுகம் நெடுநேரம் பாரம் சுமக்கிறது. கீழே ஒருபோதும் கேட்காத ஊளை அங்கே தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

நேராகப் போகும்போது அமைதி, கூர்மையான வளைவில் மட்டும் கடகடப்பு என்றால் கூண்டுக்குள் உள்ள சிறு கியர்கள் சந்தேகத்துக்குரியவை, ஏனெனில் அவை தம் அச்சில் சுழல்வது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது மட்டுமே. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் தட்டுகள் உள்ள டிஃபரன்ஷியலாக இருந்தால், வளைவில் எழும் நடுக்கத்துக்குத் தவறான எண்ணெயே காரணமாக இருக்கக்கூடும். அதற்கான சேர்மானம் கலந்த எண்ணெயை மாற்றி, சில முறை எட்டு வடிவில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பினியன் ஆயில் சீலை மாற்றிய சில நாட்களில் ஊளை தொடங்கியிருந்தால், சீலை மாற்றியவரின் கைமேல் சந்தேகம் கொள்வது நியாயமே. பல டிஃபரன்ஷியல்களில் பினியன் நட்டுக்குப் பின்னால் நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்கும் அளவுக்கு அது நசுங்கி, பேரிங்குகளின் முன்னிறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் குறைவாக இறுக்கினால் பினியன் ஆடும். அதிகமாக இறுக்கிவிட்டால் பேரிங் சூடேறிக் கெடும். நசுங்கிய ஸ்பேசர் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே தளர்ந்த நட்டைக் கண்டால் நீண்ட குழாயை மாட்டி இறுக்கிவிட்டுப் போவது சரிசெய்தலாகாது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே இருக்க வேண்டிய ஆட்டமே சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். இதை டயல் கேஜ் இல்லாமல் அளக்க முடியாது. இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

இடியும் கீச்சும்

ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு விடும்போதும் கேட்கும் ‘டொக்’ என்ற இடிதான் பிக்கப் உரிமையாளர்களின் பொதுவான புகார். இதற்கு ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஜாயிண்டை மாற்றிவிடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் கிராஸ் கெட்டுப்போனால் வேறு சாட்சிகளும் இருக்கும். அதன் கப்புகளைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருக்கும். மெதுவாக உருளும்போது குருவி கத்துவதுபோன்ற கீச்சொலி, வேகம் கூடக்கூட நெருங்கி வரும். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கினால் இரு கவைகளுக்கும் இடையே அசைவு கண்ணுக்குத் தெரியும். நல்ல கிராஸில் கண்ணுக்குத் தெரியும் அசைவே இருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லாமல், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியிலோ புறப்பட்ட முதல் நொடியிலோ ஒரே ஓர் இடி மட்டும் கேட்டால், ஷாஃப்ட்டின் நீளம் மாற உதவும், நீளவாட்டில் பற்கள் வெட்டிய ஸ்ப்ளைன் பகுதி வறண்டிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது அச்சு அசைந்து ஷாஃப்ட் நீள வேண்டியிருக்கிறது. ஸ்ப்ளைன் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு திடீரென்று வழுக்குவதே அந்த இடி. மாலிப்டினம் கலந்த கிரீஸ் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். கிரீஸ் கன்னை அளவின்றி அழுத்தக் கூடாது. உள்ளே நிறைந்த கிரீஸ் வெளியேற வழியில்லாமல் ஷாஃப்ட்டை நீட்டித் தள்ளி, அச்சு மேலே எழும்போது சுருங்கவிடாமல் தடுக்கும்.

நீளமான டபுள் கேப் வண்டிகளின் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டுகளாக இருப்பதால் நடுவில் ரப்பர் மெத்தைக்குள் சென்டர் பேரிங் தொங்குகிறது. ரப்பர் கிழிந்தால், பாரத்தோடு புறப்படும்போது தரை நடுங்கி, 20 அல்லது 30 கி.மீ. வேகம் தாண்டியதும் நடுக்கம் அடங்கும். பேரிங்கே கெட்டால் உறுமல் வேகத்தோடு கூடிக்கொண்டே போகும். வண்டியை உயர்த்திக் கட்டிய பிறகோ கூடுதல் பட்டை சேர்த்த பிறகோ இந்த நடுக்கம் தொடங்கியிருந்தால், பேரிங் புதிதாக இருந்தாலும் ஷாஃப்ட்டின் கோணம் மாறியதே காரணமாக இருக்கலாம். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் அதை இணைக்கும் தகடுகளான ஃபிளாஞ்சுகளிலும் ஸ்ப்ளைனிலும் பெயின்ட்டால் அடையாளம் இட வேண்டும். கவைகள் ஒரே கோட்டில் அமையாமல் மாறிப்போனால், இல்லாத அதிர்வை நாமே உண்டாக்கிவிடுவோம்.

4எச் போட்டால் மட்டும்

இத்தகைய வண்டிகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், 4எச் நிலையில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. காய்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருந்தும் ஓட முடியாமல், வண்டி இறுகி, டயர் துள்ளி, எங்கோ உடைந்ததுபோல இடிக்கும். இது கோளாறு ஆகாது. 2எச்-க்கு மாற்றி, சற்றுப் பின்னோக்கி ஓட்டினால் விடுபட்டுவிடும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்களோ மிகுந்த தேய்மான வேறுபாடோ இருந்தால் நேர்ச்சாலையிலும் இந்த இறுக்கம் வரும். 4எல் போட்டதும் கேட்கும் கூடுதல் கியர் ஊளையும், அங்கே வேகம் சுமார் 2.5 மடங்கு குறைக்கப்படுவதால், பெரும்பாலும் இயல்பானதே.

மண்தரையில் 4எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடும்போது ‘டிக் டிக்’ என்று சீராகக் கேட்டால் அது சக்கரத்தை ஒட்டிய வெளி சி.வி. ஜாயிண்ட். ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையின் கிழிசலும், ரிம்மின் உட்புறம் தெறித்த கிரீஸும் அதை உறுதிப்படுத்தும். ஏற்றத்தில் பலமாக மிதிக்கும்போது திடீரென்று ‘டமார்’ என்று தாவினால், சங்கிலி உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸில் சங்கிலி நீண்டு பல் தாவுகிறது என்று பொருள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. முன் டிஃபரன்ஷியலில் ஒரு பக்க அச்சுத் தண்டைத் தானாகத் துண்டித்து இணைக்கும் அமைப்புள்ள வண்டிகளில், 2எச்-இல் 50 முதல் 70 கி.மீ. வேகத்தில் முனகி, 4எச் போட்டதும் மௌனமாகும் சத்தம் வரலாம். தண்டின் உள்முனையைத் தாங்கும் ஊசி பேரிங்கைத்தான் அப்போது பார்க்க வேண்டும். இது தெரியாமல் வீல் பேரிங், டயர், முன் டிஃபரன்ஷியல் என்று வரிசையாக மாற்றியவர்கள் பலர். சோதனையை மண்சாலையிலோ ஈரமான நேர்ச்சாலையிலோ, கையேடு அனுமதிக்கும் வேகத்துக்குள் செய்ய வேண்டும்.

கியர்பாக்ஸும் கிளட்சும்

நின்ற நிலையில், நியூட்ரலில், கிளட்ச் பெடலை விட்டிருக்கும்போது இருக்கும் இரைச்சல் பெடலை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும்தான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஓட்டத்தில் எல்லா கியர்களிலும் இரைந்து, விசை நேராகக் கடக்கும் கியரில் மட்டும் தணிந்தால் கியர்பாக்ஸுக்குள் உள்ள இணைத் தண்டான லே ஷாஃப்ட்டின் பேரிங்குகள் காரணம். அந்த ஒரு கியரில்தான் லே ஷாஃப்ட் பாரம் சுமப்பதில்லை.

தூக்கி வைத்துப் பார்க்கும்போது

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும் கட்டாயம் வேண்டும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், கியரில் இருக்கும் வண்டியும் டிஃபரன்ஷியல் வழியாக விடுபட்டு உருளக்கூடும். தூக்கிய சக்கரத்தை எஞ்சினால் ஓட்டிப் பார்ப்பது, மற்ற சக்கரங்களில் ஒன்றேனும் தரையில் இருக்கும்போது, 4எச் நிலையிலும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியிலும் மிகவும் ஆபத்தானது. கையால் சுழற்றிப் பார்ப்பதே பெரும்பாலும் போதும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி ஆட்டத்தை உணரலாம். முன் சக்கரத்தைச் சுழற்றும்போது மறுகையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலில் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் நீடித்தால், போல்ட்டால் இணைந்த முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு 2எச்-இல் ஓட்டிப் பார்ப்பது நல்ல வழி. சத்தம் மறைந்தால் அது அந்த ஷாஃப்ட்டிலோ அது சுழற்றும் உறுப்புகளிலோ இருக்கிறது; மறையாவிட்டால் ஷாஃப்ட் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது.

கண்டறிந்த பின் எதை உடனே நிறுத்த வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். பழைய, மாறாத டிஃபரன்ஷியல் ஊளையோடு எண்ணெயைக் கவனித்துக்கொண்டு நெடுநாள் ஓட்டியவர்கள் உண்டு. நாளுக்கு நாள் வளரும் ஊளை, கையால் ஆட்டினால் ஆடும் பினியன், சக்கரத்தில் உணரும்படியான ஆட்டம் ஆகியவை கண்டால் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கிராஸ் ஜாயிண்டில் அசைவு கண்ட வண்டியையும் அப்படியே. ஓட்டத்தில் அது முறிந்து ஷாஃப்ட்டின் முன்முனை சாலையில் விழுந்தால், அது தரையில் ஊன்றிக்கொண்டு வண்டியின் பின்பகுதியையே தூக்கிவிடக்கூடும்.